புதன்கிழமை நோன்பு

எனக்குத் தேநீர் மிகவும் பிடிக்கும். சர்க்கரை போடாமல், ஆவி பறக்க, நாளைக்கு ஆறு கோப்பையாவது குடிப்பேன். விசாரிக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளலாம். பின்னால் தேவைப்படும்.

மண்ணுக்கடியில் நஞ்சு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பேன். மணல் என்றால் நீர் ஓடும், களிமண் என்றால் தயங்கும். கணக்கில் வருவதும் கிணற்றில் இருப்பதும் ஒத்துப்போகும்வரை மண்ணைப் பற்றிய என் அனுமானங்களைத் திருத்திக்கொண்டே இருப்பேன். இதில் மோசடி ஒன்றும் இல்லை. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தோனேசியாவில், எங்கள் பண்டுங் நகருக்குக் கிழக்கே ஒரு துணி ஆலை. கறை போக்கும் திரவத்தைப் பல வருடங்களாகப் பின்புறத்து மண்ணிலேயே கொட்டியிருந்தார்கள். பக்கத்துச் சிராந்தி கிராமத்தில் பதினொரு கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்தேன். பத்தில் ஒன்றுமில்லை. பதினொன்றாவது, சோயாப் பாலில் டோஃபு செய்து விற்கும் நினிங்கின் கிணறு. குடிநீரில் இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு நஞ்சு அதில் இருந்தது.

அந்தக் கிணற்றைச் சேர்த்தால், பழைய ஓடை மணல் ஒன்று ஆலையிலிருந்து அவள் வீட்டுக்கடியில் போகிறது என்று கணக்கு சொன்னது. மூன்றே வருடத்தில் ஊர் முழுக்க நஞ்சு. சேர்க்காவிட்டால் எல்லாம் களிமண். நாற்பது வருடமானாலும் ஆலைச் சுவரைத் தாண்டாது. ஆலை மேலாளர் என்னை மிரட்டவெல்லாம் இல்லை.

"ஒத்தைக் கிணத்துக்காக ஊருக்கே குழாய் போடச் சொல்றீங்களா, யாயன்? நல்லா யோசிங்க."

யோசித்தேன். அந்தக் கிணற்றுக்கு நேரே 'மோட்டார் எண்ணெய் கலந்த நீர், கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதினேன். சோதனையில் வந்த எந்த எண்ணையும் நான் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அதன் பிறகும் மாதம் ஒருமுறை அந்தக் கிணறுகளில் நீர் எடுக்கப் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டுக்கு வந்தவன் உட்காரும் முன்பே தேநீர் வந்துவிடும். நினிங் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. நான் திங்கள் அல்லது வியாழனாகப் பார்த்துத்தான் போவேன். அந்த இரண்டு நாளும் நோன்பு இருப்பவர்கள் எங்கள் முஸ்லிம்களில் நிறைய உண்டு.

"இன்னைக்கு நோன்பும்மா."

"நீங்களும் ஒரு மனுஷன், எங்க வீட்டுக்காரரும் ஒரு மனுஷன். ரம்ஜான்லயே ஒளிஞ்சு நின்னு சிகரெட் பிடிக்கிற ஆளு அது," என்று சிரித்துக்கொண்டே எனக்குக் கொண்டுவந்த கோப்பையை அவளே குடிப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு ஏழாம் மாதம், ஒரு வாரம் திங்களும் வியாழனும் விடுமுறை. புதன்கிழமை போனேன். பழக்கத்தில் நோன்பு என்று சொல்லிவிட்டேன்.

"புதன்கிழமை என்னங்கய்யா நோன்பு? ரம்ஜான்ல விட்டதை இப்ப இருக்கீங்களா?"

"ஆமாம்மா," என்றேன். அவளே வழி காட்டிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. காருக்கு வந்து, புட்டியைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நோன்பு திறக்க என்று சூடான டோஃபுப் பொட்டலத்துடன் மூச்சு வாங்க ஓடிவந்தவள், கண்ணாடி அருகே அப்படியே நின்றுவிட்டாள்.

புட்டியைப் பார்த்தாள். வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறீங்க," என்றாள். பிறகு, "அப்போ என் வீட்டுத் தண்ணிதான் உங்களுக்கு ஆகாதா? உண்மையைச் சொல்லுங்கய்யா, நான் புள்ளத்தாச்சி."

"சேச்சே, என்னம்மா நீ. உன் கிணத்துல ஒண்ணுமில்லை. அறிக்கையே வந்தாச்சு."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். டோஃபு அவள் கையிலேயே இருந்தது.

அவள் நம்பவில்லை. நீரை வேறிடத்தில் கொடுத்துச் சோதித்திருக்கிறாள். அதனால்தான் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். அந்த முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. மூச்சில்லை. நீர்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், தெரியும். முதல் சோதனையிலேயே தெரியும். அவள் குடித்த ஒவ்வொரு கோப்பையிலும் என்ன இருந்தது என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கையில் என் கையெழுத்துதான்.

ஒன்றே ஒன்றுதான் மனதை அறுக்கிறது. நோன்பு விஷயத்தில் பொய் சொன்னேன், அது பாவம். அதற்காக இப்போது திங்களும் வியாழனும் உண்மையாகவே நோன்பு இருக்கிறேன். இன்று வியாழன். நீங்கள் வைத்த தேநீரை எடுத்துவிடுங்கள், என் மனசாட்சி உறுத்தும்.