சந்தியாவின் மூன்றாம் அத்தியாயம்

"இன்னாங்க, மிஷினு வேல செய்யுது, நீங்க குந்திக்கினு டீ குடிக்கிறீங்க?"

"தானா ஏத்திக்கும் சந்தியா. பென்டிரைவ்வ சொருவறதோட என் வேல முடிஞ்சிது."

"நல்ல பொழப்பு. எனக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க, தீசிஸ் தானா முடியட்டும்."

கல்யாணமான புதிதில், கள்ளக்குறிச்சியில் என் கடையில் நாங்கள் பேசிக்கொண்டது இது, இன்ஸ்பெக்டர் மேடம். பள்ளிக்கூடங்களுக்கு லினக்ஸ் போட்டுத் தருவது என் தொழில். நான் எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தானே நிறுவும். அவ்வப்போது ஸ்னாப்ஷாட்டும் எடுக்கும். கணினியை அந்த நேரத்தில் இருந்தபடியே பிடித்துவைக்கும் நகல் அது. ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

சந்தியாவின் லேப்டாப்பிலும் அதையே போட்டேன். அவசரத்தில், சிஸ்டத்தையும் அவள் கோப்புகளையும் தனித்தனியாகப் பிரிக்க மறந்துவிட்டேன். பிரித்திருந்தால் சிஸ்டம் பின்னுக்குப் போனாலும் எழுதியது அப்படியே இருக்கும்.

ஒருநாள் அப்டேட் கெட்டது. காலை நிலைக்குத் திருப்பினேன். வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிறவர்களிடம் கேட்டறிந்து அவள் அன்று எழுதியதெல்லாம் கூடவே போயிற்று. என் தோளில் சாய்ந்து அழுதாள். திருப்பும் முன் இருந்த நிலையும் ஸ்னாப்ஷாட்டாக இருந்தது; மீட்க ஒரு கட்டளை போதும். மீட்கவில்லை. தீசிஸ் முடிந்தால் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை தயாராக இருந்தது. அந்தப் பேச்சு வந்த பிறகு அவள் என் மேல் சாய்ந்தது அன்றுதான்.

அதன்பின் அவள் குளிக்கப் போகும்போது திருப்பினேன். ஒரு அட்டவணை போகும், சில பக்கங்கள் போகும். பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயம்.

"ஸ்னாப்ஷாட்ல தேடுங்களேன்" என்பாள். தேடுவதுபோல் தேடுவேன்.

"நீ அத எழுதவே இல்லம்மா."

"படிச்சிப் படிச்சி மூள சூடேறிக்கிச்சி" என்றாள் என் அம்மா. "கையில துடப்பத்த வச்சிக்கினே வூடெல்லாம் துடப்பம் தேடறா."

நான்தான் சேலத்துக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்ட பிறகு அவளுக்கு உண்மையாகவே மறதி வந்தது. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சில நாள் சோறு ஊட்டிவிட்டிருக்கிறேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அப்போதுதான்.

ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திருப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவள் எழுதியதை, எடுத்த பேட்டி வீடியோக்களோடு, தனி ஸ்னாப்ஷாட்டாகப் பத்திரப்படுத்தினேன். அவள் உழைப்பை அழிக்க எனக்கு மனம் வராது.

அதனால்தான் டிஸ்க் நிரம்பியது.

"நான் வச்சிருக்கறதே கம்மி. எடம் எப்படிங்க ரொம்பும்?"

எது அடைத்திருக்கிறது என்று அவளே தேடினாள். மூன்றாம் அத்தியாயம் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் படித்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. இல்லீங்களா?"

மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். கோயம்புத்தூர்ப் பேச்சு வந்த நாளிலிருந்து கேட்க வாய் வராததை அப்போதுதான் வாசலில் நின்று கேட்டேன்.

"போவாத சந்தியா. என்கூடவே இரு."