பில்லர் நேராகத்தான் இருக்கிறது

பழைய கார் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள், மேடம். தப்பு. கதவைத் திறந்து சாத்திப் பார்க்க வேண்டும். ஒரே சத்தத்தில் பொருந்தி உட்கார்ந்தால் நல்ல வண்டி. இரண்டு சத்தம் வந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். எஞ்சினை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், சக்கரம் நாலையும் மாற்றலாம். கூரையைத் தாங்குகிற பில்லர் போய்விட்டால் மட்டும் அப்புறம் அது காரே இல்லை, கோழிக்கூண்டு. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் இது தெரியாமல் மற்றதை எழுதினால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. இதைச் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். பரவாயில்லை, எனக்கும் அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அந்தக் காரை ஒன்பது வருஷமாகக் கட்டி எழுப்பினேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகர ஷெட் போட்டு, லீவு நாளெல்லாம் அதற்குள்ளேயேதான். என் மனைவி அதை ‘உங்க சின்ன வீடு’ என்பாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

ஷெட்டுக்கு வருகிற ஒரே ஆள் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுபவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டார்ச் பிடிப்பார். வேலை எங்கே நடக்கிறதோ அந்த இடத்தை விட்டு ஒரு சாண் தள்ளியே வெளிச்சம் விழும். ஒன்பது வருஷத்தில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனருக்கும் பதின்மூன்றுக்கும் வித்தியாசம் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்த துணியை வைத்து நிக்கல் பாகங்களை எல்லாம் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிறு காலையில்தான் வண்டி முதல்முறையாகத் தெருவில் இறங்கியது. நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

“மச்சான், ஒரு ரவுண்டு நான் எடுக்கவா? ஒன்பது வருஷமா பக்கெட்டு மேலயே உக்காந்திருக்கேன்.”

எப்படி மறுப்பது? சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு தெரு நன்றாகத்தான் ஓட்டினார். மூன்றாவது தெருத் திருப்பத்தில் ஒரு வெள்ளைப் பூனை குறுக்கே வந்தது என்று வண்டியை ஒடித்தார். அது பூனை இல்லை, காற்றில் பறந்த பிளாஸ்டிக் பை. ஊருக்குக் கண் பார்ப்பவர். நேராகப் போய் மின்கம்பத்தில் மோதினோம்.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். அவர் பக்கத்து முன்மூலை கம்பத்துக்குள் போயிருந்தது. ரேடியேட்டர் போச்சு, மட்கார்டு போச்சு. டாஷ்போர்டு கீழே இறங்கி அவர் தொடை மேல் உட்கார்ந்திருந்தது. சேஸிஸில் ஒரு இரும்புச் சட்டம் மடங்கியிருந்தது. இதெல்லாம் சரி பண்ணக்கூடியது. நிமிர்ந்து பில்லரைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

“மச்சான்,” என்றார் உள்ளேயிருந்து. “வண்டிக்கு ரொம்ப அடியா?”

இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும், மேடம். அவர் முதலில் கேட்டது வண்டியைத்தான்.

“சரி பண்ணிடலாம் மாப்பிள்ளை.”

“கால் இருக்கான்னே தெரியல.”

“இருக்கு, இருக்கு. பேசாம இருங்க.”

மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும். குரலை உயர்த்தக் கூடாது. எவ்வளவு நேரமாகும் என்று சொல்லக் கூடாது.

தீயணைப்பு வண்டி பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அரசாங்க வேலையில் அத்தனை சுறுசுறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி ஒரு சுற்று சுற்றி வந்தார். கட்டரை எடுத்து வரச் சொன்னார். வட்டத் தகடு சுற்றும், பொறி பறக்கும், அந்த ரகம்.

“ரெண்டு பில்லரையும் அறுத்துக் கூரையைப் பின்னால மடிச்சிட்டா, ஏழெட்டு நிமிஷத்துல ஆளைத் தூக்கிடலாம்” என்றார்.

வெண்ணெயை அறுப்பது போலச் சொன்னார். பெட்ரோல் வாடை லேசாக அடித்துக்கொண்டிருந்தது.

“சார், டேங்க் ஃபுல்லா இருக்கு” என்றேன். “நேத்துதான் நிரப்பினேன். எங்கேயோ கசியுது. ஒரு பொறி பட்டா மொத்தமும் போயிடும்.”

அவர் கையை உயர்த்தி கட்டரை நிறுத்தினார். அடுத்த நிலையத்திலிருந்து நுரை அடிக்கும் வண்டியை அனுப்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் பேசினார். வர அரை மணிக்கு மேல் ஆகும் என்றார்கள்.

“அதுவரைக்கும் வேற வழி?”

“கதவை நானே கழட்டித் தரேன். அப்புறம் சீட்டு. இந்த வண்டில நான் போடாத போல்ட் ஒண்ணுகூட கிடையாது.”

அவர் என் தோளைத் தட்டினார். நான் டூல் பெட்டியை எடுத்தேன். கதவின் கீலில் ஆறு போல்ட். ஸ்பேனரில் துணி சுற்றிக்கொண்டுதான் முதல் போல்ட்டில் வைத்தேன். பெயின்ட் புதிது, மேடம். மூன்று தரம் கலந்து பார்த்துப் பிடித்த நிறம். கதவு கையோடு வந்தபோது வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கீழே அட்டை போட்டு, சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன். பதறியவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் நல்லது.

தங்கை அப்போதுதான் ஓடிவந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. நேராக அதிகாரியிடம் போனாள்.

“வண்டி என்ன ஆனாலும் பரவால்ல. வெட்டி எடுங்க சார்.”

“டேங்க் ஃபுல்லாம்மா. உங்க அண்ணனே சொல்றார்.”

என்னிடம் வந்தாள். “அண்ணா, ஏதாவது பண்ணுண்ணா.”

“பண்ணிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்” என்றேன். பொய் இல்லை. அப்போது சீட்டின் பின்பக்க போல்ட்டில் இருந்தேன்.

அவள் மறுபக்கக் கதவு வழியாகக் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளிடம் ஏதோ கடைச் சாவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சொன்னதையே திரும்பச் சொன்னார். பிறகு சொல்லவில்லை. நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் சீட்டோடு சேர்த்து அவரைப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தோம். டாஷ்போர்டுக்குக் கீழே எவ்வளவு ரத்தம் போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை உயிர் இருந்தது. இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் கால் போயிருக்கும், ஆள் இருந்திருப்பார் என்றார் டாக்டர். டாக்டர்கள் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ‘அந்த நேரத்திலும் என்ன நிதானம்’ என்றார்கள். அதிகாரியும் வந்து அதையே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வண்டியை விட்டார்கள். பரிசோதிக்க வந்தவர் பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிய அவருக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது.

வண்டி ஷெட்டுக்கு வந்ததும் வீட்டில் ஒரே கேள்வி: சரி பண்ணுவதா, உடைத்து இரும்பு விலைக்குத் தள்ளுவதா? என் மனைவி தள்ளச் சொன்னாள். அவள் ஒன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதனால் அது கணக்கில் சேராது. தங்கை வந்து ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“இதைப் பாக்கவே முடியலண்ணா. உடைச்சுடு.”

நான் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினேன். அவர் தொட்டுத் துடைத்த வண்டி என்றேன். அவர் கடைசியாகக் கேட்டதே வண்டிக்கு என்ன ஆச்சு என்றுதான். நான் சரி பண்ணுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அழுதாள். நாலு நாள் கழித்து அவளே போன் பண்ணினாள். “சரி பண்ணுண்ணா. அவருக்காக ஓடட்டும்.” பேசத் தெரிந்தால் எதையும் சரி பண்ணிவிடலாம்.

மறுநாளே டிங்கரிங்காரரை வரவழைத்தேன். கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள், தகரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். தங்கையும் வந்திருந்தாள், இந்தத் தரம் உள்ளேயே. அவர் பில்லரைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாடி அப்படியே இருக்கு. ஒரு மாசத்துல எழுப்பிடலாம்” என்றார். எனக்குக் கண் கலங்கியது. தங்கை அதைப் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

பிறகு அவர் பின்பக்கமாகப் படுத்து உள்ளே போனார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“அண்ணே, இதுல டேங்க்கே இல்லையே? எங்க?”

“துரு எடுக்கக் கழட்டினேன்” என்றேன். “மேல பரண்ல இருக்கு.”

“அப்ப எப்படி ஓட்டுனீங்க?”

“எஞ்சினுக்குப் பக்கத்துல ஒரு பாட்டில் கட்டியிருந்தேன். அரை பாட்டில்.”

வாய் தவறி வந்ததில்லை. வேலை தெரிந்தவன் கேட்டால் வேலை தெரிந்த பதில்தான் வரும். தங்கை பரணைப் பார்த்தாள். என் கையிலிருந்து அவள் கை எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

“அண்ணா, நீ அன்னிக்கு டேங்க் ஃபுல்லுன்னு சொன்னியே.”

“ஆமா.”

“பதட்டத்துல மறந்துட்டியா?”

அவளாகவே வழிவிட்டாள், பாருங்கள். ‘ஆமாம்மா, மறந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள், நீங்களும் நம்பியிருப்பீர்கள். நான் இப்போது வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷமாக ஒவ்வொரு திருகாணியாகக் கோத்தவன், தன் வண்டியில் டேங்க் இருக்கிறதா இல்லையா என்பதை மறந்தான் என்றால் டிங்கரிங்காரர் என்ன நினைப்பார்?

“நான் எதையும் மறக்கல” என்றேன்.

அவள் கத்தவில்லை. எழுந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். டேங்க் இல்லை என்று எனக்குத் தெரியும். சிந்திய அரை பாட்டில் பெட்ரோலுக்கு இரண்டு வாளி மணல் போதும் என்றும் தெரியும். அறுத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் அவர் வெளியே வந்திருப்பார் என்று அதிகாரி சொன்னதும் என் காதில் விழுந்தது. அறுக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன். காலை ஒட்டவைக்க ஆஸ்பத்திரி இருக்கிறது. அறுத்த பில்லரை ஒட்டவைக்க எங்கேயும் ஆள் இல்லை.

ஆனால் தங்கை எழுதிக் கொடுத்திருப்பதாக நீங்கள் படித்துக் காட்டினீர்களே, மாப்பிள்ளையை வேண்டுமென்றே சாகவிட்டேன் என்று, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது அபாண்டம். அந்த நாற்பத்திரண்டு நிமிஷத்தில் அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை, மேடம். அவரைப் பற்றியே நினைக்கவில்லை.