சயனைடு இருந்த வரைக்கும் நிம்மதி

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டியதும், எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இருந்தவர் பக்கத்தில் இருந்த தன் மச்சானிடம் சொன்னார்:

"சயனைடு இருந்த வரிக்கும் நிம்மதியா இருந்தோம், மச்சான்."

துப்பறியும் கதைகளில் மட்டுமே சயனைடைச் சந்தித்திருக்கும் நான், செய்தித்தாளைப் படிப்பதுபோல் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மாமா ஒளர்ற?"

"தங்கத்தப் பிரிச்செடுக்க, கல்லைத் தூளாக்கி சயனைடு தொட்டியில ஊறப்போட்ட வரிக்கும் கிளவுஸ், மாஸ்க், மாசாமாசம் டாக்டர், எல்லாம் இருந்துச்சு. இப்ப அது வாணாம்னு வேற மருந்த ஆசிட்ல கலக்குறோம். விஷம் இல்லியாம். அதனால கிளவுஸும் இல்லியாம். கையப் பாரு."

மச்சான் பார்த்தார். நானும் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

"உங்கக்கா ஸ்பூன் குடுக்குது. காரக்கொழம்புல கை வைக்க முடியல."

"மேனேஜராண்ட கேக்க வேண்டிதானே?"

"கேட்டேனே. 'புது மருந்தப் பாக்க ஆளுங்க வர்றாங்க. நீ கிளவுஸ் போட்டுக்கினு நின்னா எவன்யா நம்புவான்?'ன்றாரு."

"அப்பால?"

"ஸ்டோர்ல சயனைடு காலத்து மண்டையோட்டு போர்டு கெடந்துச்சு. தொட்டி மேல மாட்டிட்டேன்."

"அய்யோ! பாத்துட்டாரா?"

"நேத்தே. 'பழைய போர்டுடா, கழட்டுங்கடா'ன்னு வாசல்லயே நின்னு கத்துனாரு. ஒருத்தனும் கிட்டப் போகல."

"அவரே கழட்ட வேண்டிதானே?"

"அதுக்குத்தான் கிளவுஸ் தேடிக்கினு கீறாரு."