வெயிலில் வைத்த நார்த்தைச் சோடா

பெயர்: சுடர்விழி. வயது: 33. தந்தை பெயர்: நாகநாதன். முகவரி: தெற்குத் தெரு, மேலச்சாத்தங்குடி, நீடாமங்கலம் வட்டம். தொழில்: விசேஷங்களுக்குக் குளிர்பானம் தயாரித்துக் கொடுத்தல்.

நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். உணவுத் தொழில்நுட்பம் படித்து, சென்னையில் ஒரு ஜூஸ் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்த பிறகு ஊருக்கு வந்து, நார்த்தங்காய், எலுமிச்சை ஆகியவற்றில் சோடா தயாரித்துக் கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா போன்றவற்றுக்குக் கொடுத்து வருகிறேன். இதில் சாராயமோ போதை தரும் வேறு எந்தப் பொருளோ கிடையாது. இந்தக் கேள்வியை இன்று என்னிடம் மாற்றி மாற்றிப் பலர் கேட்டுவிட்டதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அக்ரகாரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சந்தானகிருஷ்ணனை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். என் அப்பா அவர்கள் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். இப்போது அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். சந்தானகிருஷ்ணனுக்கு இன்று வெள்ளிக்கிழமை அறுபதாம் கல்யாணம் என்றும், பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் விருந்தினர்கள் வருவதால் சடங்கு முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கண்ணாடி டம்ளரை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல நுரைக்கிற மாதிரி ஒரு பானம் வேண்டும் என்றும் அவர் மகள் அம்ருதா என்னிடம் ஆர்டர் கொடுத்தார்.

அதன்படி நேற்று நார்த்தங்காயின் பச்சைத் தோலை மட்டும், கசக்கும் வெள்ளைப் பகுதி சேராமல் சீவிச் சர்க்கரையில் பிசறி ஊற வைத்து, அதில் இறங்கிய பாகை வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் சேர்த்து, நன்றாகக் குளிர வைத்த பிறகு சிலிண்டரிலிருந்து சோடா கேஸ் ஏற்றி, கண்ணாடி பாட்டில்களில் அடைத்து மூடி அடித்தேன். பானம் ஜில்லென்று இருக்கும் வரை கேஸ் அதற்குள் அடங்கிக் கிடக்கும். சூடு ஏறினால் பாட்டிலை முட்டும். ஆகவே திறக்கும் நிமிடம் வரை பாட்டில் ஐஸை விட்டு வெளியே வரக் கூடாது. இதை அம்ருதாவிடம் போனிலும் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஐஸ் கொண்டுவந்தவர் முத்துப்பேட்டை ஜாஃபர் சாதிக். அவர் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவர். என் ஆர்டர்களுக்கும் அவர்தான் போடுகிறார். இன்று காலை அவர் பெரிய தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். பெட்டி புத்தம் புதியது, விலை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. "ஐயர் வூட்டு விசேஷம்னு சொன்னீங்கல்ல தங்கச்சி, அதான் பெட்டியே புதுசா வாங்கிட்டேன். கம்பெனிக்காரன் எல்லாத்துலயும் மீன் படத்தைத்தான் ஒட்டி வுடறான், அத ஒண்ணும் பண்ண முடியல" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நானும் அவரும் பாட்டில்களை அந்த ஐஸுக்குள் புதைத்து, சந்தானகிருஷ்ணன் வீட்டின் பின்கட்டில் பெட்டியை இறக்கி வைத்தோம். அதன் பிறகு ஜாஃபர் சாதிக், முத்துப்பேட்டை போய்க் குளித்து ஜும்மா தொழுகைக்குப் போக நேரமாகிவிடும் என்று சொல்லி அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அவசரமாகப் போனது இதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் பாட்டில்களைத் திறப்பதாக ஏற்பாடு. ஆனால் அதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது. வாழ்த்துச் சொல்வதை ராகு காலம் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று சந்தானகிருஷ்ணனின் மனைவி ஆனந்தம் சொன்னார். பெட்டி முழுக்க ஐஸ் இருந்ததால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நான் வாசல் பந்தலில் டம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, நார்த்தை இலையைக் கிள்ளி ஒவ்வொன்றிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பாட்டில் எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது பெட்டியைக் காணவில்லை. முற்றத்தை எட்டிப் பார்த்தேன். என் பாட்டில்கள் அத்தனையும் கருங்கல் தரையில், சித்திரை வெயிலில், மஞ்சள் கரைத்துக் கழுவிய தண்ணீர் வடிய வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "யாரும் கிட்ட வராதீங்க! வெடிக்கும்! உள்ள போங்க!" என்று கத்தினேன். நான் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்ருதாவின் கணவர் பரணிதரன் "என்ன பிரச்சினை, மெதுவாப் பேசுங்க" என்றபடி முற்றத்தில் இறங்கினார். அவரை நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இழுக்கும்போதே முதல் பாட்டில் வெடித்தது. அதன் பிறகு சரவெடி மாதிரி மற்றவையும் வெடித்தன. பரணிதரனுக்குப் புருவத்தில் கண்ணாடி கிழித்து முகமெல்லாம் ரத்தமானது. பந்தலில் யாரோ குண்டு என்று கத்தினார்கள். குழந்தைகள் அழுதார்கள். இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள்.

அதன் பிறகு அம்ருதா தன் கணவரைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார். கண்ணுக்கு ஆபத்தில்லை, தையல் போட்டிருக்கிறார்கள் என்று பிற்பகல் அவரே எனக்கு போன் செய்து சொன்னார்.

நல்ல நாளில் வீட்டுக்குள் உடைந்த கண்ணாடி கிடக்கக் கூடாது என்று, போலீஸ் வருவதற்கு முன்பே முற்றத்தைப் பெருக்கிக் கழுவிவிட்டார்கள். பாட்டில்கள் வெயிலில் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. சமையல் ஆட்களும் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு சந்தானகிருஷ்ணன் கொடுத்த புகாரில், ஐஸ் பெட்டியைத் திறந்தபோதே வெடித்தது என்றும், பெட்டி கொண்டுவந்தவர் சந்தேகப்படும்படி அவசரமாக ஓடினார் என்றும் எழுதியிருப்பதாக இங்கே காவல் நிலையத்துக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன். அதை வைத்துத்தான் ஜாஃபர் சாதிக்கைத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பிடித்து வந்திருக்கிறார்கள். நான் நிலையத்துக்குள் வந்தபோது அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, அந்த மாப்பிள்ளைக்குக் கண்ணு பத்திரமா?" என்றுதான் கேட்டார்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெடிக்கும் என்று உனக்கு எப்படி முன்னாலேயே தெரியும் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். சோடா போடுகிறவளுக்கு இது தெரியாமல் இருந்தால்தான் தப்பு என்று சொன்னேன். ஐஸில் இருந்த கண்ணாடியை மாடித் தொட்டித் தண்ணீரில் கழுவினால், அந்தத் தண்ணீர் சித்திரை மாதத்தில் வெந்நீராகத்தான் வரும், கண்ணாடி அங்கேயே விரிசல் விட்டுப்போகும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். நீ சொல்வதற்கு என்ன ஆதாரம், மாலைக்குள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் அந்த ஐஸ்காரனை ரிமாண்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

அதன் பிறகு நான் ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு மேற்படி வீட்டுக் கொல்லைக்குப் போனேன். பெட்டி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மூடியபடி கிடந்தது. பாதிக்கு மேல் ஐஸ் இருந்தது. கையை விட்டுத் துழாவியபோது அடியில் ஒரு பாட்டில் தட்டுப்பட்டது. எடுத்தவர்கள் கண்ணில் அது படாமல் போயிருக்க வேண்டும். பெட்டியோடு அப்படியே ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

நாங்கள் திரும்பியபோது சந்தானகிருஷ்ணனும் ஆனந்தமும் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்தம் காலையில் கட்டிய கூறைப் புடவையைக்கூட மாற்றவில்லை. சந்தானகிருஷ்ணன் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "ஏம்மா சுடர், ஆத்து விசேஷம் இப்படி ஆயிடுத்து. நீ எதையும் பெருசு பண்ணாதே. ஒங்கப்பா குத்தகை விஷயமும் இந்த மாசம் பேசணும்னு இருந்தேன்" என்றார். குத்தகையை அப்பாவிடம் பேசிக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சொல்லும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த நிலம் போனால் எங்களுக்கு வேறு நிலம் இல்லை.

அதன் பிறகு உதவி ஆய்வாளரின் மேஜையில் பாட்டிலை வைத்து, இது ஐஸிலேயே இருந்தது, அதனால் வெடிக்கவில்லை என்று சொல்லி மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்ததும் இரண்டு காவலர்கள் பின்னால் நகர்ந்தார்கள். டம்ளரில் ஊற்றினேன். நுரை பொங்கி அடங்கியது. பெட்டியை மோந்து பாருங்கள், மீன் வாடையே இல்லை, விலை ஸ்டிக்கரைப் பாருங்கள், புதுப் பெட்டி என்றும் சொன்னேன். ஜாஃபர் சாதிக் காலையில் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். முதல் மடக்கை நான் குடித்தேன். வேறு யாரும் தொடவில்லை.

அப்போது ஆனந்தம் எழுந்து வந்து பெட்டியின் பக்கத்தில் நின்று, அந்த ஸ்டிக்கரை விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு இன்னொரு டம்ளரில் தானே ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தார். கேஸ் மூக்கில் ஏறித் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீன் படம் போட்டிருந்தது. மீன் பொட்டின்னு நெனச்சுண்டு நான்தான் எல்லாத்தையும் எடுத்து அலம்பி வெயில்ல வெக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒண்ணும் பண்ணலை" என்றார். சந்தானகிருஷ்ணன், "அவளுக்குக் காலம்பரலேர்ந்து படபடப்பு, எதையாவது சொல்லுவா, எழுதாதீங்கோ" என்றார். எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்தினார்.

நான், அந்த அம்மா சொன்னது என் வாக்குமூலத்தில் வர வேண்டும், வராவிட்டால் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் எழுதச் சொன்னார். சந்தானகிருஷ்ணன் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ஆனந்தம் போகவில்லை.

இதில் உள்ளவை நான் செய்ததும், கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும் மட்டுமே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது. சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவதில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். நான் கேட்டு வாங்கிப் போடுகிறேன். அருகில் இருந்த ஆனந்தம் தானும் போடுவதாகச் சொன்னார். அவருடையதைத் தனியாக எழுதிக்கொள்வோம் என்று சொன்னதற்கு, "தனியாவும் எழுதிக்கோங்கோ. அதுக்குள்ள நேக்கு மனசு மாறிடப்படாது, இதுலயும் போட்டுடறேன்" என்றார்.

(ஒப்பம்) நா. சுடர்விழி

(ஒப்பம்) ஆனந்தம் சந்தானகிருஷ்ணன்