தர்ஸ்டன் மணியக்காரரின் உத்தரவுகள்

என் மாமனாருக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது. தின்றால் வயிறு ஊதிக்கொள்ளும் என்பார்; தின்னாவிட்டாலும் ஊதிக்கொண்டுதான் இருந்தது. இதை முதலில் சொல்லக் காரணம், அவரை நான் கோஸ் பாத்தியில் புதைத்ததில் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது என்பது பிரபுவின் காரியஸ்தரான ஐயா உங்களுக்குத் தெளிவாக வேண்டும். தோட்டத்திலேயே மண் இளகியிருந்த இடம் அது ஒன்றுதான். எழுத்தர் ஐயா மெதுவாக எழுதட்டும். நான் சொல்வதையெல்லாம் அவர் லத்தீனுக்கு மாற்றி வழக்கு ஏட்டில் ஏற்ற வேண்டும், பாவம்.

மாமனார் தர்ஸ்டனை உங்களுக்குத் தெரியும். பிரபுவின் பண்ணையில் வாரம் மூன்று நாள் உழைக்கும் கடமையோடு பத்து ஏக்கர் அனுபவித்தவர். நிலம் அவர் பெயரில், உழைப்பு என் முதுகில். அதனால்தான் அவர் போன பிறகும் பண்ணையில் ஒரு கை குறையவில்லை. யாருக்கும் சந்தேகம் வராததற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை ஐயா, அவருடைய சோம்பல்தான் காரணம்.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில், ஒரு மத்தியானம் அடுப்போரம் உட்கார்ந்து, நான் கோடரியைச் சாத்தி வைத்த விதம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றுவிட்டது. மீதித் திட்டு எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடியே இருந்தது.

எங்களிடம் இருந்தது வெள்ளைநெற்றி என்ற பசுவும் ஒரு பெண்பன்றியும். முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடியானவன் செத்தால் வீட்டிலுள்ள சிறந்த கால்நடை பிரபுவுக்கு, அடுத்தது பாதிரியாருக்கு. ஆக, பசு பிரபுவுக்கு, பன்றி பாதிரியாருக்கு, பிணம் எங்களுக்கு.

என் மனைவி ஹாவிஸ் அழ ஆரம்பித்தாள்.

"அப்பா போயிட்டாருய்யா."

"மெதுவா அழு. பாதிரியாருக்குப் பன்றி வாசனையே கோயில்வரைக்கும் வரும், உன் சத்தம் வராதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்த வெள்ளைநெற்றியைப் பார்த்தாள். அந்தப் பசு இல்லையென்றால் பாலாடைக்கட்டி இல்லை. அது இல்லையென்றால் எங்களுக்கு அடுத்த வசந்தம் இல்லை.

"ஒரு நாலு நாள் யாருக்கும் சொல்லாம இருப்போம்," என்றாள்.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான் ஐயா. அந்த நாலு நாள் கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஊரே பண்ணை உழவுக்குப் போயிருந்த நேரத்தில் அவரை அடக்கம் செய்தோம். தெரிந்த ஜெபங்களைச் சொன்னேன். நடுவில் மறந்துபோன இடத்தில் அறுவடைப் பாட்டில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டேன். ராகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு, மாமாவுக்கு உடம்பெல்லாம் புண், பக்கத்தில் போனால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் சொன்னேன். வந்து பார்க்க யாரும் துடிக்கவில்லை. பாதிரியார் வேலிக்கு வெளியே நின்று பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

இந்த அளவில் நின்றிருந்தால் இன்று உங்கள் நேரம் வீணாகியிருக்காது. மணியக்காரர் தேர்தல்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஆட்களை வேலைக்கு விரட்டுவதும், வராதவனைப் பிடித்துக்கொடுப்பதும் மணியக்காரரின் வேலை. மேலே நீங்கள் திட்டுவீர்கள், கீழே ஊர் திட்டும். அந்தப் பதவிக்குத் தங்களில் ஒருவனைக் குடியானவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் தேர்தல் நடக்கிற மைக்கேல் திருநாளன்று ஊரில் நொண்டாதவனே கிடையாது. வாத்து வளர்க்கிற ஸ்வெயின் அந்த வருஷம் இரண்டு காலிலும் நொண்டினான். நின்று பார்த்தேன், எப்படி முடிகிறது என்று தெரியவில்லை.

அவன்தான் ஆரம்பித்தான். "வராதவன் எவனோ அவனையே போட்டுருவோம். தர்ஸ்டன் எங்கே?"

"அவர் படுத்த படுக்கையா இருக்காருப்பா," என்றேன்.

"நாக்குமா படுத்துருச்சு?"

"நாக்கு..." நான் கொஞ்சம் யோசித்தேன். "கடைசியாப் பார்த்தப்போ வெளியிலதான் இருந்தது."

"அப்புறம் என்ன? மணியத்துக்கு நாக்கு போதும். அவர் உள்ளேருந்து சொல்லட்டும், நீ வெளியே வந்து சொல்லு."

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நீங்களும் தலையசைத்தீர்கள். மறுநாள் குதிரையிலிருந்து இறங்காமலே எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து, பதவியின் பொறுப்புகளை விளக்கினீர்கள். "குறுக்கே பேசாம கேட்டுக்கறார். மரியாதை தெரிஞ்ச மனுஷன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

முதலில் மாமாவிடம் கேட்டு வருவதுபோல் நடிக்கத்தான் கொல்லைக்குப் போய் நின்றேன். ஸ்வெயினின் வாத்துகள் பிரபுவின் பார்லியில் இறங்கிவிட்டன, என்ன செய்வது என்று கேட்டு ஆள் வந்திருந்தது. மாமா இருந்தால் என்ன சொல்வார் என்று பாத்தியருகே நின்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'முதல்ல நேரா நில்லுடா' என்றார். பிறகு, 'ரெண்டு வாத்தைப் பிடிச்சு பிரபு அரண்மனைக்கு அனுப்பு' என்றார்.

வெளியே வந்து சொன்னேன். ஸ்வெயின் வாத்துகளைக் கொடுத்தான். ஐயா, இத்தனை வருஷமாக நான் சொல்லி இந்த ஊரில் ஒரு நாய்கூட நகர்ந்தது கிடையாது.

அதன் பிறகு தினமும் காலையில் போய் நின்றேன். உயிரோடிருந்தபோது என்னிடம் பேசியதைவிட மாமா அதிகமாகப் பேசினார். சில நாள் அன்பாகக்கூட. நாங்கள் நெருங்கிவிட்டோம் என்றே சொல்லலாம்.

ஆனால் கறாரான மனிதர். பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும் என்றிருக்க, ஊரார் வீட்டில் திருகைக்கல் வைத்து அரைக்கிறார்களே என்றார் ஒருநாள். எந்த வீட்டில் எங்கே ஒளித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவற்றில் பாதியை ஒளித்துவைக்க உதவியதே நான்தான். பதினோரு கல்லையும் உடைத்தேன். விதவை குன்னில்டா தன் கல்லின் மேலேயே படுத்துக்கொண்டாள். அவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு உடைத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் தலைமேல் தூசி விழாமல் என் தொப்பியைப் போட்டுவிட்டேன்.

"உன் மாமனார் செத்துத் தொலைய மாட்டாரா?" என்று கேட்டாள்.

"இனிமே மாட்டாரு," என்றேன்.

பண்ணையில் அப்படியொரு விளைச்சல் அதற்கு முன் கண்டதில்லை என்று நீங்களே ஏட்டில் எழுதச் சொன்னீர்கள். ஊர் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. வேறு யாரையாவது போட்டால் மாமா கோபித்துக்கொள்வார் என்று பயம். பார்க்காத ஒருவருக்குப் பயப்படுவது எங்களுக்குப் புதிதில்லை. ராஜாவை யார் பார்த்தோம்? எங்கள் தோட்டத்துக் கோஸும் அந்த வருஷம் தலை பெரிதாக விளைந்தது. அரண்மனைச் சமையலறைக்கு ஆறு அனுப்பினோம். நீங்களும் பாதிரியாரும் ஆளுக்கு இரண்டு கிண்ணம் கோஸ் சூப் குடித்ததாகக் கேள்வி. எழுத்தர் ஐயா அதை எழுத வேண்டாம்.

இப்போது போன மாதம் நடந்தது. வெள்ளைநெற்றி கயிற்றை அறுத்துக்கொண்டு பிரபுவின் புல்வெளியில் மேய்ந்தது. அரை நாழிகைகூட இருக்காது. யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். அன்று பாத்தியருகே வெகுநேரம் நின்றேன். நம் வீட்டு மாடு மாமா, இதற்காகத்தானே இவ்வளவும் என்று எடுத்துச் சொன்னேன். 'ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?' என்றார்.

நானே கயிற்றைப் பிடித்து அரண்மனைத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். ஹாவிஸ் வழியெல்லாம் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"யோவ், உனக்குப் பைத்தியமா? எந்த மாட்டுக்காக எங்கப்பனைக் கோஸுக்கடியில போட்டோமோ, அந்த மாட்டையே கொண்டுபோய்க் கட்டறியே!"

"மாமா சொல்லிட்டாரு ஹாவிஸ். நான் என்ன செய்ய?"

அவள் அங்கேயே வாலை விட்டுவிட்டு நேராக உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. சொந்த அப்பாவைச் செத்துப்போனார் என்று வெளியாளிடம் சொன்னதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

எனவே ஒப்புக்கொள்கிறேன். சாவை மறைத்தேன். பாதிரியார் இல்லாமல் புதைத்தேன். பிரபுவை இரண்டு வருஷம் ஏமாற்றினேன். தொழுமரத்தில் என் காலை மாட்டி ஒரு வாரம் வைப்பதென்றால் வையுங்கள்.

ஆனாலும் நீங்கள் இவ்வளவு இரக்கம் காட்டுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாமாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்ற அனுமதித்துவிட்டீர்கள். சாவுக்கான பங்காகப் பன்றி போதும் என்று பிரபுவே சொல்லிவிட்டாராம். பாதிரியாரும் தன் பங்கை விட்டுவிட்டார், சூப் விஷயம் தெரிந்ததிலிருந்து அவருக்கு உடம்பு சரியில்லை. பாக்கி இருப்பது வெள்ளைநெற்றி மட்டும். தர்ஸ்டன் மணியக்காரர் உத்தரவுப்படி பறிமுதல் என்று ஏட்டில் இருக்கிறது. அந்த உத்தரவைப் போட்டது மாமா இல்லை, நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சத்தியமாகச் சொன்னால் போதும், பதவியில்லாதவன் உத்தரவு செல்லாது என்று அந்த வரியை அடித்துவிட்டு மாட்டை இப்போதே அவிழ்த்துவிடுவோம் என்கிறீர்கள். எழுத்தர் ஐயா இறகைக்கூட மையில் தோய்த்துவிட்டார்.

ஹாவிஸ் என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். "சொல்லித் தொலையேன்யா! நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை! வெளியில மாடு கத்துது கேக்கலையா?"

கேட்கிறது. கறக்கிற நேரம்.

ஆனால் மன்னிக்க வேண்டும் ஐயா. மாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.