எட்டரை அடி

கோல்ஃப் கட்டையை வீட்டுக்குள் முழுதாகச் சுழற்ற வேண்டுமென்றால் சீலிங் ஒன்பதரை அடி உயரத்திலாவது இருக்க வேண்டும். ஆள் நெட்டையாக இருந்தால் அதுவும் பற்றாது. என் கணவர் முகுந்தன் ஆறடி ஓரங்குலம். கிள்ளானில் எங்களுடையதைப் போல வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீட்டில் இந்த ஆசை வந்தால், ஒன்று சீலிங்கை உடைக்க வேண்டும், இல்லை தரையை வெட்ட வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், இன்ஸ்பெக்டர். அளவைச் சரியாகச் சொல்லிப் பழகிவிட்டது. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பண்டமாரான் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் மேனேஜர். மேலதிகாரிகள் எல்லாரும் கோல்ஃப் ஆடுகிறவர்கள். போன வருடம் கம்பெனிப் போட்டியில் இவர் வீசிய வீச்சில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பறந்தது. சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டிலேயே பழக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குச் சீலிங் தாழ்வாகப் போயிற்று.

கீழே பின்னறையில் என் அப்பா தம்புசாமி மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாக இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா இல்லாத என்னைப் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வைத்துத் தனியாக வளர்த்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்த அறைதான் கோல்ஃபுக்கு என்று முடிவானதும் அப்பா ரவாங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆறு வாரம் மட்டும் என்று பேச்சு.

சனிக்கிழமைகளில் இருவரும் போய்ப் பார்ப்போம். அப்பாவுக்கு வாய் கோணியிருந்தாலும் பேச்சு விளங்கும். வேலை முடிந்ததா என்று ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். பதில் சொல்வது இவர்.

"வேல முடியட்டும் மாமா. ஒடனே கூட்டிட்டுப் போயிடுறோம்."

நாலாவது சனிக்கிழமைக்கு முன்பே சளி நெஞ்சில் இறங்கி அப்பா போய்விட்டார். இங்கே தரையை எட்டு அங்குலம் வெட்டிப் பூசிய சிமெண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அதற்காகக்கூட நான் இதைச் செய்திருக்க மாட்டேன். சாவு யாருக்கும் வருவதுதான். மெத்தைதான் காரணம்.

அப்பாவுக்கு முதுகில் புண் வரக்கூடாது என்று நான் தேடி வாங்கிய தடித்த மெத்தை அது. இல்லத்தில் கட்டில் மெத்தை எல்லாம் அவர்களே கொடுத்ததால் இங்கேயே கிடந்தது. இறந்தவர் படுத்ததைக் கருமாதிக்கு முன் வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவது எங்கள் வழக்கம். எடுத்துப் போடச் சொன்னேன். அவர் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இதுல அவரு சாகலையே மலர். ரவாங்லதானே செத்தாரு. நல்ல மெத்த லா இது."

பந்து போய் விழுவதற்கு அறையின் கோடியில் வெள்ளைத் திரை கட்டுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னால், சுவரோடு சேர்த்து, அப்பாவின் மெத்தையை நிறுத்தினார். அறையை வெட்டிப் பூசிய கொத்தனார் அய்யாவுக்கும் அது சரியாகவே பட்டது. பின்னால் மெத்தென்று எதுவும் இல்லாமல் வெறும் சுவரில் பட்டால் பந்து நேரே மூஞ்சிக்குத்தான் திரும்பி வரும் டீச்சர் என்று என்னிடமும் விளக்கினார்.

அதன் பிறகு தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் நூறு பந்து. நான் சமையலறையில் நிற்பேன். தொப், தொப் என்று கேட்கும். அப்பாவின் முதுகில் விழுகிற மாதிரியே இருக்கும். எனக்கு வந்தது கோபம் இல்லை, இன்ஸ்பெக்டர். கோபம் வந்து போய்விடும். எனக்கு அவர்மேல் வந்தது வெறுப்பு. அவர் சாப்பிடும்போது தாடை அசைவதைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று காத்திருந்தேன்.

கருமாதி முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை நூறு பந்தும் அடித்துவிட்டு அவர் வெளியே போயிருந்தபோது மெத்தையை இழுத்துக் குப்பை லோரியில் ஏற்றிவிட்டேன். பின்னால் ஒன்றும் இல்லாததால் திரை தொய்ந்தது. பார்த்தால் தெரியுமே என்று நான்கு மூலைக் கயிற்றையும் இழுத்துக் கட்டினேன். தட்டிப் பார்த்தேன், மேளம் மாதிரி விறைப்பாக நின்றது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு நீளக் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதல் பந்துக்குத் தொப் என்று கேட்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம், பிறகு ஆள் விழுகிற சத்தம். அடுப்பைத் தணித்துவிட்டுப் போனேன். தரை வெட்டியதால் அறை வாசலில் ஒரு படி உண்டு. அதில் உட்கார்ந்தேன். நெற்றிப்பொட்டு உள்ளே போயிருந்தது, காதில் ரத்தம். ஆனால் நினைவு இருந்தது. ஆம்புலன்ஸ் என்று இரண்டு தடவை சொன்னார்.

"வேல முடியட்டுங்க. கூப்பிடுறேன்" என்றேன்.

அவருக்கு அது புரிந்தது. முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒன்பதே முக்காலுக்கு மூச்சு நின்றது. பத்து மணிக்குப் போன் செய்தேன்.

உங்கள் சார்ஜன் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அன்று அவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "எத்தன அடி?" என்று கேட்டார். மாடி அறையின் உயரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து எட்டரை என்றேன். கட்டையால் எத்தனை முறை அடித்தேன் என்று கேட்டிருக்கிறார் பாவம். எட்டரை அடி என்றே எழுதிக்கொண்டார். அந்த அரை அடியை எப்படி அடித்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் என் கணவரைத் தொடவே இல்லை.

மாடி அறையை ஏன் அளந்தேன் என்கிறீர்கள். முதலில் வலை கட்டியது அங்கேதான். எட்டரை அடியில் நீளக் கட்டையைச் சுழற்ற முடியாது, அதனால் என்ன, சின்னக் கட்டையை வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்று அவர் பாட்டுக்கு இருந்தார். கீழறை ஒன்பது அடி இருக்கிறது, தரையை வெட்டி சீலிங்கையும் எடுத்தால் பத்துக்கு மேல் கிடைக்கும் என்று நான்தான் சொன்னேன். கணக்கு டீச்சர் இல்லையா. மூன்று வருடமாகக் காலையில் அப்பாவுக்குக் கழுவிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. இல்லத்தின் நம்பர் என் போனில் ஏற்கெனவே இருந்தது. பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான், மகள் என்பதால்.

"அப்ப மாமா எங்க போவாரு?" என்று அவர் கேட்கத்தான் கேட்டார். ஆனால் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், இன்ஸ்பெக்டர். உண்மையிலேயே அக்கறை உள்ள மனிதர் என்றால் இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாரா?