பரிமளம் மிஸ்ஸின் மூச்சுக்காக

"ஏன் மிஸ், படியிலயே நின்னுட்டீங்க?"

"சிலிண்டர் தூக்கிட்டு வாறவருக்கு வழி விடுறேன் ஸப்ரி."

"மூணாவது தடவையா வழி விடுறீங்க. நான் ஒருத்தன்தானே வாறேன்?"

"வாயாடாம போங்க. மேல ஆள் மூச்சுக்குத் தவிக்குது."

போன மழைக்காலத்தில் நீங்களும் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டின் சிற்றூழியர் ஸப்ரியும் பேசியது இது. மேலே தவித்தவரை எண்ணி அவர் சிலிண்டரோடு படியேறினார். மூச்சு முட்டியது உங்களுக்கும்தான் என்பது அவருக்குத் தெரியும்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் மாத்தளை மக்களின் மூச்சுக்குக் காவலிருந்த தலைமைத் தாதி பரிமளம் அவர்களே! எங்கள் அன்புக்குரிய மிஸ்ஸே!

வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, கட்டில் போதாமல் நடைவழியிலும் ஆட்கள் கிடந்த வாரங்களை எங்கள் உடம்பு இன்னும் மறக்கவில்லை. ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த சுந்தரம்மா, முகத்தை இறுக்கிய ஒட்சிசன் மாஸ்க்கைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். கையைக் கட்டிவிடலாமா என்று நாங்கள் கேட்டோம். நீங்களோ அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் உள்ளங்கையைப் பதித்து, "என்னோட சேந்து இழுங்க அக்கா... இப்ப விடுங்க" என்று ஒரு மணிநேரம் அவரோடு சேர்ந்து மூச்சுவிட்டீர்கள். பன்னிரண்டாம் நாள் அவர் நடந்தே வீடு போனார். அதே வாரத்தில் நால்வரை இழந்தோம். அவர்கள் முதுகிலும் அதே கைதான் இருந்தது.

பின்பு அந்தக் காய்ச்சல் உங்களையும் பிடித்தது. பதினைந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டீர்கள். ஆனால் நோயாளியோடு மூச்சுவிடும் வேலையை மெல்ல எங்களிடம் தள்ளினீர்கள். "நீங்களும் பழகணும்ல" என்றீர்கள். நம்பியதுபோல நாங்களும் தலையாட்டினோம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் விடுப்பில் போய்விடுவீர்கள்; போனால் இந்த வாட்டை யார் தாங்குவது? களைத்துப்போன எங்களுடைய அந்தச் சுயநலம்தான் இத்தனை நாள் வாயைக் கட்டியது. மன்னியுங்கள்.

நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில், நலமோடு நெடுநாள் வாழ்க என்று எழுதி, சட்டம் போட்டுக் கையில் கொடுத்து, மாலையோடு உங்களை வழியனுப்ப மனம் வரவில்லை. கீழே கையெழுத்திட்ட வாட்டு ஊழியர் பதினேழு பேரும், உங்கள் பிள்ளைகள் முன்னிலையில், இன்று கேட்டேவிடுகிறோம்:

மிஸ், நாளைக்குக் காலையில நெஞ்சு கிளினிக்குக்கு வாங்க. உங்களைப் பாக்கணும்.